பன்னிரண்டுக்கு இரண்டு நாள் குறைய

முதலில் சொன்ன விலை
ஒரு லட்சத்து எட்டாயிரம்.
நான்கு பேர், மூன்று இரவு,
சென்னையில் ஏறி இலங்கையைத் தொட்டுத் திரும்ப.
சாத்தப்பன் கைபேசியை என்னிடமே நீட்டி
"கப்பலையே வெல கேட்டியா?" என்றார்.

காரைக்குடிச் சந்தையில்
முருங்கைக்காய்க்கு மூன்று கடை ஏறி இறங்குகிறவள் நான்.
விளக்கு வைத்த பிறகு தக்காளி மலிகிறது.
புறப்பட இருபது நாள் இருக்கையில்
ஆள் வராத அறையும் அப்படித்தான்.
இதைக் கண்டுபிடிக்க நான்கு இரவு ஆனது.

வெள்ளிக்குப் பதில் திங்கள் என்றால் பதினோராயிரம் குறைவு.
மே போய் ஜூலை என்றால் இன்னொரு பதினாறு.
பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று எழுத வேண்டும்,
இரண்டு வகுப்புக்கு இரண்டு கடிதம்,
ஒரே கையெழுத்து, ஒரே காய்ச்சல்.
சன்னல் இல்லாத அறைக்கு ஒன்பது.
"தூங்கையில கண்ண மூடிக்கிட்டுத்தானே இருப்போம்"
என்றார், பெயிண்ட் விற்கிற மனிதர்.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இலவசம்.
வயிரவனுக்கு எட்டு.
தேனம்மைக்கு
ஜூலை பதினைந்து, புதன்கிழமை, பன்னிரண்டு முடிகிறது.
கப்பல் ஏறுவது பதின்மூன்று.
இறங்குவது பதினாறு.

சென்னைக்குப் பேசினேன்.
பதினோரு நிமிடம் வயலின் கேட்டேன்.
"பேர் சொல்லுங்க மேடம்."
"உமையாள்."
"ஏறுற தேதிதான் மேடம் கணக்கு."
பன்னிரண்டாயிரம் ரூபாய்
ஒரு மூச்சில் நெஞ்சைவிட்டு இறங்கியது.

கதவோரம் நின்றவள் கேட்டாள்:
"அப்ப புதன்கிழமை நான்
காசு கட்டாம வந்தவளா ஆத்தா?"
இல்லை, திங்கட்கிழமை
காசு கேட்கப்படாதவள் என்றேன்.
"கேக்கு உண்டா?"
எண்ணூறு ரூபாய்.
அதற்கு வயது வரம்பு கிடையாது.

துறைமுக வரி தலைக்கு இரண்டாயிரத்து அறுநூறு.
அந்த இடத்தில் மட்டும்
எட்டு வயதுத் தலையும் தலைதான்.
ஆக ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு.
பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

எங்கள் தெருவில்
கப்பல் ஏறாத வீடு ஒன்று சொல்லுங்கள்.
பினாங்கு, ரங்கோன், மோல்மீன்.
ஏறினவர்கள் ஆண்கள்.
பெட்டியில் எது அடியில் எது மேலே என்பது
பெண்களுக்குத் தெரியும்.
அத்தனை பேரேட்டிலும்
பெண்டாட்டிக்கு டிக்கெட் என்று
ஒரு பற்று கிடையாது.
நான் பழம்பெருமை பேச வரவில்லை.
தள்ளுபடிதான் பேசுகிறேன்:
ஒரே வீட்டில் வாங்காமல் விட்ட டிக்கெட்டை எல்லாம் கூட்டினால்
யார் எவ்வளவு மிச்சம் பிடித்திருப்பார்கள் என்று.

பணம் கட்டும்போது ஓடிபி
அவர் எண்ணுக்குப் போனது.
கடையில் நிறம் கலக்கும் இயந்திரம் குலுங்குகிற சத்தம்.
"நாலு, ஏழு... இரு, ஒருத்தர் டிஸ்டம்பர் கேக்குறாரு."
"சொல்லுங்க!"
"நாலு, ஏழு, ஒண்ணு... ஏழா, ஒண்ணா,
கண்ணாடி மேசையில இருக்கு."

நேரம் முடிந்தது.
திரும்பத் திறந்தபோது தொள்ளாயிரம் ஏறியிருந்தது.
நான்கு இரவு கண் விழித்துப் பிடித்ததில்
முதல் தொள்ளாயிரம்
ஒரு வாளி இளம்பச்சைக்குப் போனது.
இரண்டாம் தடவை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார்,
ஏலச்சீட்டுக் கேட்கிறவர் மாதிரி.
கட்டினேன்.

இரவு படுத்த பிறகு கேட்டார்:
"சன்னல் ரூமு எவ்வளவு கூடுதல்னு சொன்னே?"
"ஒம்பதாயிரம்."
"இப்ப மாத்திக்கலாமா?"
"மாத்தலாம். தள்ளுபடி கெடையாது. பதினாலு ஆகும்."

ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கை அணைத்தார்.
பிறகு எழுந்து போய், இருட்டில் தடவி,
கொசுவுக்காகச் சாத்தி வைத்திருந்த
சன்னலைத் திறந்துவிட்டு வந்து படுத்தார்.